முடுக்கினால் நிற்கிறது, தளர்த்தினால் ஓடுகிறது!

சென்ற வாரம் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவதைப் பற்றி எழுதிவிட்டு, அடுத்த வாரம் ஊறுகாய் ஜாடி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஊறுகாய் இன்னும் ஒரு வாரம் ஊறட்டும். இப்போது ஒரு சைக்கிள் வந்து குறுக்கே நிற்கிறது. குறுக்கே என்றால் நிஜமாகவே குறுக்கே! போன ஞாயிற்றுக்கிழமை பூராவும் எங்கள் வீட்டு வராந்தாவில், கோணிச் சாக்கின் மேல் தலைகீழாக, இரண்டு சக்கரங்களும் ஆகாயத்தைப் பார்த்தபடி அது கிடந்த கிடப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பெண்கள் படிக்கிற பக்கத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை?" என்று கேட்கும் சகோதரிகளை நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெண் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாளா? உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள் சைக்கிளில் வருகிறாளா? இரண்டில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் மேலே படியுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள் அஞ்சலை. நாங்கள் இருப்பது திருச்சி உறையூரில். அவள் இருப்பது காவேரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஐந்து வீட்டு வேலை. ஆறு மணிக்கு வாசலில் மணி அடித்தால் அஞ்சலை வந்துவிட்டாள் என்று அர்த்தம். கடிகாரத்தைக்கூட அதை வைத்துத் திருத்திக் கொள்ளலாம். அப்படிப்பட்டவள் இரண்டு வாரமாக ஆறரை, ஆறே முக்கால் என்று வர ஆரம்பித்தாள். நான் சும்மா இருப்பேனா? முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டேன். இரண்டாம் நாள் வாயைத் திறந்தேன். மூன்றாம் நாள், "உனக்குச் சௌகரியப்படாவிட்டால் சொல்லிவிடு, வேறு ஆளைப் பார்க்கிறேன்" என்றே சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

சனிக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. தற்செயலாக வாசலில் நின்றேன். அஞ்சலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள்.

"ஏன் தள்ளிக்கிட்டு வர்றே? பஞ்சரா?"

"பஞ்சர் இல்லம்மா. முன் சக்கரம் பிடிக்குது. நட்டை முடுக்குனா சுத்த மாட்டேங்குது. லூசா விட்டா நல்லா ஓடுது. முடுக்கிட்டு மிதிச்சா முட்டி கழண்டு போவுது. அதான் லூசாவே விட்டு ஓட்டிக்கிட்டு வருவேன். இன்னிக்குப் பாலத்துமேல பள்ளத்துல இறங்குனப்போ முன்னாடி 'கடக்'குனு ஒரு சத்தம். பயந்துபோய் இறங்கிட்டேம்மா. பின்னாடி பாப்பா வேற உக்காந்திருந்துச்சு."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. முன் சக்கரத்தைச் சைக்கிளோடு பிடித்து வைத்திருப்பது அச்சின் இரு முனையிலும் உள்ள இரண்டே இரண்டு நட்டுகள். அவை தளர்ந்திருக்க, ஒரு பள்ளத்தில் முன்பக்கம் சற்றே எம்பினால் போதும், சக்கரம் ஒரு பக்கம் போகும், சைக்கிள் மற்றொரு பக்கம் போகும். பின்னால் லாரி வருகிற பாலத்தில், ஒன்பது வயதுப் பெண்ணைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இந்த மகராசி இரண்டு வாரம் இப்படியே வந்திருக்கிறாள். நான் கடிகாரத்தைக் காட்டிக் கடிந்து கொண்டிருந்திருக்கிறேன்!

"கடையில் காட்டவில்லையா?" என்றேன்.

"காட்டுனேம்மா. அங்கதான் ஓவராயிலிங் பண்ணேன். அப்புறந்தான் இப்படி ஆச்சு. மறுபடி போனா அந்தப் பையன் நட்டைக் கொஞ்சம் தளத்திவிட்டு, 'இப்ப சுத்துது பாரு'ன்னான். மூணாந்தடவை போனா, ஹப்பையே மாத்தணும், எண்ணூறு ரூபா ஆகும்னுட்டாங்க."

"சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டுப் போ; பஸ்ஸில் போய்க்கொள்" என்று கையில் காசைக் கொடுத்து அனுப்பினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "யார் ரிப்பேர் செய்யப் போகிறார்களாம்?" என்றார்.

"நாம்தான்!" என்றேன்.

என் தைரியத்துக்குக் காரணம் உண்டு. என் அப்பா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் தம் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுவிடுவார். கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பால்ரஸ் குண்டுகளை அதில் போட்டுக் கழுவி எண்ணித் தருவது என் வேலை. அண்ணாவுக்கு எண்ணத் தெரியாது என்பதல்ல. அவன் ஒன்றிரண்டைக் கோலிக் குண்டாகப் பாவித்து அபகரித்து விடுவான்.

ஞாயிறு காலை ஆபரேஷன் தொடங்கியது. முதலில் வியாதி இன்னது என்று கண்ணால் பார்க்க வேண்டுமே! சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நட்டுகளை விரலால் மட்டும் திருகிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். அது பாட்டுக்குச் சுற்றியது. கடைசியில் வால்வு இருக்கிற இடம் கனம் தாங்காமல் கீழே வந்து, தூளி மாதிரி முன்னும் பின்னும் ஆடி நின்றது. சக்கரம் ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு ஸ்பானரால் நட்டுகளை முடுக்கிவிட்டுச் சுற்றினேன். இரண்டே சுற்று, யாரோ கையைப் பிடித்து நிறுத்தினாற்போல் நின்றது.

"பிரேக் கட்டை உரசுகிறது" என்று தீர்ப்பளித்தார் அவர்.

அது உண்மையாக இருக்கவும் கூடும். நட்டை ஒரு பக்கம் மட்டும் முழுசாக முடுக்கிவிட்டு மறு பக்கம் வந்தால் சக்கரம் கோணிக்கொள்ளும்; ரிம் போய் ஒரு பக்கத்துப் பிரேக் கட்டையில் உராயும். சந்தேகம் தீர ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே விட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் தாராளமாகப் போயிற்று. மட்கார்டிலும் டயர் படவில்லை. பிரேக் நிரபராதி.

"அப்படியானால் அச்சு வளைந்திருக்கிறது!"

இதுவும் நியாயமான சந்தேகமே. நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே எடுத்தேன். அச்சின் முனையை விரலால் உருட்டினால், வளைந்த அச்சானால் முனை வட்டம் போட்டு ஆடும். இது ஆடவில்லை. அச்சும் தப்பித்தது. அவர் அடுத்து ஃபோர்க் கோணல் என்று ஆரம்பித்தார். நான் காப்பி கொடுத்து வாயை அடைத்தேன்.

இங்கே ஹப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். ஹப்பின் இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி ஒரு குழி. அதற்குக் கப் என்று பெயர். அதில் வட்டமாகக் குண்டுகள். அவை வெளியே வராமல், உள்ளே சாய்ந்த முகத்தோடு வந்து அணைத்துக் கொள்வது கோன். கோனுக்கு உள்ளே மறை உண்டு. அச்சின் மேல் திருகிக்கொண்டே போகும். அதிகம் திருகினால் குண்டுகள் நசுங்கிச் சக்கரம் பிடிக்கும். குறைவாகத் திருகினால் சக்கரம் லொடலொட என்று ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்திலேயே கோன் அசையாமல் நிற்பதற்காக, அதன் முதுகில் இன்னொரு மெல்லிய நட்டைத் திருகி இறுக்குவார்கள். அதுதான் லாக் நட். அதற்கும் வெளியே ஃபோர்க். ஃபோர்க்குக்கு வெளியே வாஷர். கடைசியில் நாம் முடுக்குகிற பெரிய நட்டு. (எல்லாச் சைக்கிளிலும் லாக் நட் இருக்காது. சில பழைய மாடல்களில் முன் சக்கரக் கோனின் மேலேயே ஃபோர்க் நேராக வந்து உட்காரும்.)

அஞ்சலையின் சைக்கிளில் லாக் நட் இருந்தது. ஒரு பக்கத்து லாக் நட்டைத் தொட்டேன், அசையவில்லை. மறு பக்கத்தைத் தொட்டேன். ஆகா! வெறும் விரலுக்கே வளையல் மாதிரிச் சுழன்றது!

"அகப்பட்டுக்கொண்டான் திருடன்!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு மாமி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"லாக் நட் லூசாக இருந்தால் சக்கரமும் லூசாகத்தானே ஆக வேண்டும்? இறுகுவானேன்?" என்றார் அவர். கேள்வி நல்ல கேள்வி. இதற்கு விடை தெரியாததால்தான் அந்தக் கடைப் பையனும் திணறியிருக்கிறான்.

சமையலறையிலிருந்து தேன் பாட்டிலை எடுத்து வந்து காட்டினேன். பாட்டில் மூடியைப் பாதி திருகிவிட்டு, மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று லேசாக ஆடும். மறைக்கும் மறைக்கும் நடுவில் எப்போதுமே ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. முழுக்க இறுக்கிய பிறகு அந்த ஆட்டம் போய்விடும். கோனும் அச்சின் மேல் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. லாக் நட்டை நன்றாக இறுக்கியிருந்தால், அது கோனை நெருக்கி அந்த மயிரிழை ஆட்டத்தை அப்போதே தீர்த்துவிடும். அதற்குப் பிறகு வெளி நட்டை எவ்வளவு முடுக்கினாலும் கோன் நகராது. கடைப் பையன் லாக் நட்டை விரலால் மட்டும் திருகிவிட்டான். சக்கரம் கையில் இருக்கும்போது கோன் சரியான இடத்தில் இருப்பதாகத் தோன்றியது. சைக்கிளில் மாட்டி வெளி நட்டை முடுக்கியதும், அது ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் லாக் நட்டைத் தள்ள, லாக் நட் கோனைத் தள்ள, கோன் அந்த மயிரிழை தூரம் உள்ளே போய்க் குண்டுகளின் கழுத்தை நெரித்துவிட்டது. வெளி நட்டைத் தளர்த்தினால் கோன் பின்வாங்கும். சக்கரம் மறுபடி சுற்றும். இதுதான் ரகசியம்!

"எண்ணூறு ரூபாய்க்கு ஹப்பு!" என்று அவர் சிரித்தார். அந்தப் பையனை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கோனில் ஸ்பானர் பிடிக்கிற இடம் மிகவும் ஒடுக்கம். சாதாரண ஸ்பானர் அதில் நுழையாது. தட்டையான கோன் ஸ்பானர் என்று ஒன்று தனியாக உண்டு. அது கையில் இல்லாதவன் கோனைப் பிடிக்க முடியாமல் கடனே என்று விட்டுவிடுவான். அல்லது கட்டிங் பிளேயரால் கடித்து முனைகளை மழுக்கிவிடுவான்.

கோன் ஸ்பானரை அவரே போய் வாங்கி வந்தார். பிரித்ததுதான் பிரித்தோம், உள்ளேயும் பார்த்துவிடலாம் என்று கழற்றினேன். மண்ணெண்ணெய் இந்தக் காலத்தில் கிடைப்பது குதிரைக் கொம்பு. பக்கத்து வீட்டுக்காரரிடம் கொஞ்சம் டீசல் வாங்கிக் கொண்டேன். சாதாரணச் சைக்கிள் முன் சக்கரத்தில் பெரும்பாலும் பக்கத்துக்கு 10 குண்டுகள், ஒவ்வொன்றும் 3/16 அங்குலம், மிளகு அளவு. பின் சக்கரத்தில் பக்கத்துக்கு 9. அவை கால் அங்குலம், சின்னப் பட்டாணி அளவு. நான் எண்ணியபோது ஒரு பக்கம் பத்து, மறு பக்கம் ஒன்பது! பத்தாவது எங்கே? வராந்தா முழுக்கத் தவழ்ந்தோம். கடைசியில் அவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைப் பிடுங்கி வந்து தரையில் துழாவினார். செருப்பு ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து குண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அன்று முழுக்க அவருக்கு அந்தப் பெருமை தாங்கவில்லை. குண்டு நிஜமாகவே தொலைந்துபோயிருந்தால் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு ஒப்பேற்றாமல், எல்லாவற்றையுமே புதிதாக மாற்றிவிட வேண்டும். தேய்ந்ததும் புதியதும் ஒரே அளவில் இருக்காது; பாரம் முழுவதும் புதியதன் தலையில் விழும். மாற்றும்போது கோனின் முகத்தையும் தடவிப் பாருங்கள். அம்மை வடு மாதிரிக் குழி இருந்தால் அந்தக் கோனுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான். எவ்வளவு சரிசெய்தாலும் சக்கரம் கரகரக்கும்.

இந்தச் சின்னக் குண்டுகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1869 ஆகஸ்டில் பாரிஸில் ழூல் சூரிரே என்பவர் சைக்கிளுக்குக் குண்டு வைத்த அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் நவம்பர் 7-ந் தேதி பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு 123 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் நடந்தது. அப்படிப்பட்ட குண்டுகள் வைத்த சைக்கிளில் ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேயர் ஜெயித்தார். அந்தப் பந்தயத்தில் 'மிஸ் அமெரிக்கா' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணியும் கலந்துகொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. நம் பக்கத்தில் இதற்குக் குறைச்சலா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கப்பில் புது கிரீஸை அப்பி, குண்டுகளை அதில் பதித்து, அச்சை விட்டு, கோனை விரலால் திருகினேன். குண்டில் தொட்டதும் நிறுத்தி, ஒரு துளி பின்னுக்குத் திருப்பினேன். பிறகு கோன் ஸ்பானரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு ஸ்பானரால் லாக் நட்டை அழுத்தமாக இறுக்க வேண்டும். சொல்வது சுலபம். லாக் நட் இறுகும்போது கோனையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். முதல் தடவை சக்கரம் கெட்டியாகிவிட்டது. இரண்டாம் தடவை லொடலொட. நான்காம் தடவைதான் சரியாக வந்தது. அப்பாவுக்கே மூன்று தடவை ஆகும் என்பதால் எனக்கு வருத்தமில்லை.

'சரி' என்பது எது என்று சொல்கிறேன். சக்கரம் கையில் இருக்கும்போது, அச்சைப் பிடித்து ஆட்டினால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். மாட்டி வெளி நட்டுகளை முடுக்கியதும் அது மறைந்துவிட வேண்டும். லாக் நட் இல்லாத மாடலுக்கு இந்தச் சிறு ஆட்டம் மிகவும் அவசியம். வெளி நட்டுகளை முடுக்கும்போது இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி முடுக்குங்கள். மட்கார்டுக் கம்பியின் காது ஃபோர்க்குக்கு வெளியே வர வேண்டும், அதற்கு மேல் வாஷர், அதற்கு மேல் நட்டு. வாஷரை உள்ளே போட்டுவிட்டால் சக்கரம் நடுவில் நிற்காது. எல்லாம் முடிந்ததும் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமும் இல்லை, சுற்றிவிட்டால் வால்வு தூளியாடி நிற்கிறது என்றால் வேலை முடிந்தது. இன்னமும் ஆடினால் கோனை அரைக்கால் சுற்று உள்ளே, பிடித்தால் அதே அளவு வெளியே.

பின் சக்கரம் பிடித்தால் சங்கிலியையும் சந்தேகப்படுங்கள். நட்டை முடுக்கும்போது சக்கரம் பின்னுக்குப் போய்ச் சங்கிலி வீணைத் தந்தி மாதிரி விறைத்திருக்கும். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலமாவது மேலும் கீழும் அசைய வேண்டும்.

எங்கள் மாடி வீட்டுப் பையனின் கியர் சைக்கிளில் நட்டே இல்லை. ஒரு நெம்புகோலை மடக்கினால் சக்கரம் இறுகிவிடுகிறது. அதிலும் இதே கோளாறு வரும். அந்த அச்சு உள்ளே குழலாக இருக்கும். நெம்புகோலை மடக்கும்போது அச்சே ஒரு மயிரிழை அமுங்குவதால் கோன்கள் நெருங்கிவிடும். அதற்கும் முன்னாலேயே சிறு ஆட்டம் விட்டு வைப்பதுதான் வைத்தியம். 'சக்கரம் பிடிக்கிறதே' என்று நெம்புகோலைத் தொளதொளவென்று மடக்கி விடாதீர்கள். பாதி மடக்கும்போதே கை எதிர்ப்பை உணர வேண்டும். கோனே இல்லாமல் அடைத்த பேரிங் வைத்த ஹப்புகளும் இப்போது உண்டு. அவற்றைக் கடைக்காரரிடமே விட்டுவிடுவது உத்தமம்.

திங்கட்கிழமை அஞ்சலை வந்தாள். நட்டை முழுக்க முடுக்கியிருப்பதை அவள் கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லி, சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். அது நிற்கிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள். "கழட்டிக் காட்டும்மா, நானே ஒரு தடவை செய்து பாக்கறேன்" என்றாள். செய்ததையெல்லாம் மறுபடி பிரிப்பதா என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிரித்தோம். அவளுக்கு மூன்றாவது தடவையிலேயே சரியாக வந்துவிட்டது.

வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சொன்னதற்கு அன்றே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடும்மா, டிகாஷன் இறங்கிடுச்சான்னு பாரு" என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது. நான் இன்னும் எழுந்திருக்கவேயில்லை! கதவைத் திறந்தால் அஞ்சலையோடு இன்னொருத்தியும் நிற்கிறாள். அவள் கையிலும் ஒரு சைக்கிள்.

"இவ சைக்கிளும் பிடிக்குதாம்மா. அந்தத் தட்டை ஸ்பானரைக் கொஞ்சம் குடு" என்றாள் அஞ்சலை.